தறி நின்ற தெரு

வெள்ளைக்கரடு நெசவாளர் குடியிருப்புக்கு யாரும் வழி கேட்டுப் போனதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிக் காதைக் கொடுத்தால் போதும், தறிச் சத்தம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஒரே தெரு, நாற்பது வீடு, வீட்டுக்கு இரண்டு விசைத்தறி. புதிதாக வந்த மருமகள்கள் முதல் மாதம் தலைவலி என்பார்கள். மறுமாதம் அம்மா வீட்டுக்குப் போனால் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று திரும்பி வந்துவிடுவார்கள்.

அன்றைக்கு அங்கயற்கண்ணி இறங்கியபோது அரசமரத்தில் ஒரு காக்கை கரைவது கேட்டது. அது போனதும் தன் செருப்புச் சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. தெரு முனையில் நின்று, வழி தவறி வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

அவள் அண்ணன் சொக்கர் இறந்து கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசத்துக்குக் கையை நீட்டியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அன்று சனிக்கிழமை. சனிப் பிணம் தனிப் போகாது என்று பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டித்தான் தூக்கினார்கள். சுடுகாடு வரைக்கும் கத்திக்கொண்டே போன அந்தக் குஞ்சின் சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது. சுடுகாட்டுக் காரியம் முடிந்த கையோடு கோயம்புத்தூருக்கு வேலைக்குத் திரும்பியவள், பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னதாக வந்திருக்கிறாள்.

அண்ணன் வீட்டுத் தறி நின்றிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேத வீட்டில் பதினாறு நாள் தறி ஓட்டக் கூடாது. பதினாறாம் நாள் தலைமகனுக்குத் தலையில் உருமால் கட்டி, அவன் போய் விசையைத் தட்டி, ஊடு நூலோடு முதல் நாடா ஓடின பிறகுதான் தீட்டுக் கழியும். ஆனால் அது இறந்தவர் வீட்டோடு போகிற வழக்கம். பிணம் எடுத்த பிறகும் நாற்பது வீடும் வருமானத்தை விட்டுவிட்டுச் சேர்ந்து நிறுத்தி அவள் பார்த்ததில்லை. அண்ணன் மகன் அருஞ்சுனையிடம் கேட்டாள். இப்போதெல்லாம் இங்கே இப்படித்தான் அத்தை, ஒரு வீட்டில் கேதம் என்றால் தெருவே நிறுத்திவிடும் என்றான். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மதினி முத்துராக்கு மேற்கு அறையின் மூலையில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். தாலி அறுத்தவளை மூலையில் உட்காரவைப்பது அங்கயற்கண்ணியின் அம்மா காலத்திலேயே ஒழிந்துபோன வழக்கம். ஒழிந்தது எப்படித் திரும்பி வந்தது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒருத்தி மஞ்சள் கிழங்கு வைத்தாள். ஒருத்தி பட்டுச்சேலை வைத்தாள். எல்லோரும் மதினியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஒதுங்கிப் போகிற சனம், விதவையின் காலைத் தொடுகிறதே என்று அங்கயற்கண்ணிக்குத் திக்கென்றது. மதினி எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண் மட்டும் அடிக்கடி கதவைப் பார்த்தது.

அருஞ்சுனைதான் அவளைத் தெருவின் கடைசிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். வேப்பமரத்தடியில் மூன்று கல், மூன்றுக்கும் மஞ்சள் துணி. சோடியம்மன் என்று பெயராம். மூன்று வருஷத்தில் இந்தத் தெருவில் மூன்று பெண்கள் புருஷனோடு போயிருக்கிறார்கள். மூவரும் மூலையில் உட்கார்ந்த நிலையில், பதினாறாம் நாள், தறி ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில். ஆஸ்பத்திரியில் சூட்டு மயக்கம் என்று எழுதினார்கள். தெரு அதைப் படிக்கவில்லை. புருஷன் வந்து கூப்பிட்டுக்கொண்டு போனார் என்றது. இப்போது சுற்று வட்டாரத்துக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் முதலில் இங்கே வந்து மஞ்சள் பூசிக்கொண்டுதான் போகின்றனவாம்.

"அம்மாவுக்கும் கல்லு பாத்து வச்சிருக்காக அத்தை," என்றான் அருஞ்சுனை. பெற்றவள் சாகப்போகிறாள் என்று ஊரே நம்பும்போது பிள்ளை என்ன செய்வான்? கும்பிடவும் முடியாமல் அழவும் முடியாமல் இரண்டு வாரமாக நடமாடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியலில் அங்கயற்கண்ணிக்குக் குளிரில் விழிப்புத் தட்டியது. சித்திரை மாதம். பகலில் நாற்பத்தேழு டிகிரி வெயில் அடிப்பது செய்தியாகக்கூட இல்லாமல் போய்விட்ட காலம். அந்தக் காலத்தில் குளிரில் விழிப்பது என்றால் என்ன அர்த்தம்? கேத வீட்டில் ராத்திரி எப்போதும் சில்லென்றுதான் இருக்கும், போனவர் வீட்டைச் சுற்றி வருகிறார் என்று முந்தின நாள் ஒரு பெண் சொல்லியிருந்தாள். அங்கயற்கண்ணி படுத்தபடியே கையை நீட்டி மேற்குச் சுவரைத் தொட்டாள். தண்ணீர் நிறைந்த மண்பானையைத் தொட்டதுபோல இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அந்தச் சுவர் அந்த நேரத்தில் சூடாக இருக்க வேண்டும். அவளைவிட அது யாருக்கும் நன்றாகத் தெரியாது. ஏனென்றால் அந்தப் பூச்சைச் சோதித்துப் பார்த்துத் தேறியது என்று சொன்னவளே அவள்தான்.

சிமென்ட் சுடுகிற புகையும் வெயிலை ஏற்றுகிறது என்று கண்டு, சிமென்டைக் குறைத்துச் சுட்ட களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்து வீடு பூசத் தொடங்கிய காலத்தில், அந்தக் கலவையில் உப்பு முத்துகளையும் சேர்த்தார்கள். கடுகைவிடச் சின்ன முத்து, உள்ளே ஒரு வகை உப்பு. பகல் வெயிலைக் குடித்து உருகும், வீட்டுக்குள் சூட்டை விடாது. ராத்திரி உறையும்போது குடித்த சூட்டை மெல்ல மெல்ல வெளிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஏசி வேண்டாம், கரண்ட் வேண்டாம். முத்து எத்தனை வருஷம் தாங்கும் என்பதுதான் கேள்வி. அங்கயற்கண்ணியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெட்டிக்குள் பூச்சுத் துண்டுகளை வைத்துச் சூடாக்கிக் குளிராக்கி, சூடாக்கிக் குளிராக்கி, பல ஆயிரம் தடவை பார்த்தார்கள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இருபது வருஷம் உழைக்கும் என்று அவள் கையெழுத்துப் போட்டாள். முதலில் தன் அண்ணன் தெருவுக்கே வாங்கிக் கொடுத்தாள். அது ஆறு வருஷத்துக்கு முன்னால்.

ஆறே வருஷத்தில் உப்பு செத்துவிட்டதா? பையிலிருந்து சூடு பார்க்கும் கருவியை எடுத்துச் சுவர் சுவராக வைத்துப் பார்த்தாள். எல்லாம் குளிர். ஒரு துண்டு பெயர்த்து எடுத்துப் போனால் காரணம் தெரிந்துவிடும் என்று, கொல்லையில் தனியாக நின்ற குளியலறைக்குள் போய்ச் சின்ன உளியைச் சுவரில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. உளுந்து வறுக்கும்போது கேட்குமே, அந்த அளவுக்குத்தான். சுவரில் ஊன்றியிருந்த இடது கைக்குக் கீழே சூடு வந்தது. உளியின் முனையிலிருந்து புறப்பட்டு, உள்ளங்கையைக் கடந்து, மூலையில் திரும்பி, அவள் முதுகுக்குப் பின்னால் போய், மறுபக்கமாக வந்து சேர்ந்தது. யாரோ சுவருக்குள் இருந்துகொண்டு அவளைச் சுற்றி நடந்ததுபோல் இருந்தது. கருவி இருபத்தெட்டிலிருந்து நாற்பத்தெட்டுக்குப் போயிற்று. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது, மூச்சு முட்டியது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

உப்பு சாகவில்லை. அது தன் வேலையைச் செய்யக் காத்துக்கொண்டிருந்தது.

கல்லில் உட்கார்ந்தபடியே அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. ஆய்வுக்கூடத்துச் சோதனைப் பெட்டிக்கு அடியில் குளிரூட்டும் இயந்திரம் எந்நேரமும் உறுமிக்கொண்டே இருக்கும். பெட்டி அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வில்தான் உப்பு ஒழுங்காக உறைந்தது. அது இல்லாமல் உறையுமா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தறிக்காரர் வீட்டில் பிறந்தவளுக்குத்தான் நியாயமாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு அது இருப்பதே காதில் விழவில்லை. இந்தத் தெருவிலும் தறி ஓடிக்கொண்டிருந்தவரை ஒரு குறையும் இல்லை. அவள் எழுந்து கதவு சாத்தியிருந்த மேற்கு அறையைப் பார்த்தாள். நாளை மறுநாள் காலையில் நாற்பது வீட்டுத் தறியும் ஒரே நேரத்தில் ஓடப்போகிறது.

ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டாள். எழுதி அனுப்புங்கள், கோடை கழிந்து மாதிரி எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். கோடை கழிந்து யார் இருப்பார்கள் என்று கேட்க வந்ததை அடக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பக்கத்து வீடு குருவலிங்கத்தினுடையது. நெசவாளர் சங்கத் தலைவர், தெருவில் அவர் சொல்லைத் தட்ட ஆள் கிடையாது. அவருடைய மகள் தேன்மொழிதான் மூன்றாவது கல். அவள் புருஷன் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தவன். அவன் விபத்தில் போய்ப் பதினாறாம் நாள் அவளும் போனாள், இந்த வீட்டு மேற்கு அறையில். குருவலிங்கம் அங்கயற்கண்ணியை உட்காரச் சொன்னார். அவர் மனைவி சீனியம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரமாக நின்றாள்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அங்கயற்கண்ணி கையில் இருந்த மோரைப் பார்த்தாள்.

"மாமா, பாலைக் காய்ச்சி வச்சா உறை ஊத்தாம தயிராகுமா?"

"ஆகாது."

"சுவத்துல இருக்கிற உப்பும் அப்படித்தான். புதுசுல அதுக்குள்ளயே உறை இருந்துச்சு, தானா உறைஞ்சுச்சு. வருசம் ஆக ஆக அது தீந்துபோச்சு. இப்ப தறி அதிர்றதுதான் அதுக்கு உறை. தறி நின்னா அது உறையாது. குடிச்ச சூட்டைக் கக்காம வச்சுக்கிட்டு, ராத்திரியெல்லாம் சில்லுன்னு நிக்கும். திரும்ப எல்லாத் தறியும் ஓடுறப்ப, அம்புட்டுச் சூட்டையும் ஒரே மூச்சுல கொட்டிரும். அந்த நேரம் சனமெல்லாம் பந்தல்ல நிக்கிது. கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கிறது ஒருத்தி மட்டுந்தான்."

குருவலிங்கம் முதல் சாவைப் பற்றித் தானாகவே சொன்னார். அது கூலிப் போராட்டத்தின்போது நடந்தது. தெருவே வேலை நிறுத்தம், எல்லாத் தறியும் நின்றிருந்தது. போராட்டம் முடிந்த அன்றைக்குத்தான் அந்த வீட்டில் பதினாறாம் நாள். எல்லாத் தறியும் சேர்ந்து ஓடியபோது தெருவே தகித்தது, கதவைச் சாத்திக்கொண்டு மேற்கு அறை மூலையில் கிடந்த அந்தப் பெண்ணும் போய்விட்டாள். சாமி இறங்கின சூடு என்றார்கள். அடுத்த கேதத்துக்கு, யாரும் சொல்லாமலே எல்லோரும் தறியை நிறுத்தினார்கள், தாலி அறுத்தவளை மூலையில் உட்காரவைத்தார்கள். மரியாதைக்குத்தான். மரியாதை என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

"எம்மக உள்ள இருந்து தட்டுனா தாயி," என்றார். "ரெண்டு தடவ. சனம் தொறக்கப் போச்சு. சாமி வர்ற நேரம், தொறக்காதீகன்னு நாந்தான் சொன்னேன்."

கதவோரத்தில் சீனியம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ சொல்றது நெசம்னா, அவளக் கூப்புட்டது மாப்பிள்ளை இல்ல. கதவச் சாத்துன ஆளு எவனோ அவன்."

உண்மையைச் சொல்ல வந்த அங்கயற்கண்ணி அது போய் விழுகிற இடத்தைப் பார்க்காமல் வந்துவிட்டாள். நாளைக்கே சனத்தை வெளியே நிறுத்திவிட்டு ஒவ்வொரு வீடாகத் தறியை ஓட்டிச் சூட்டை இறக்கிவிடலாம், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினாள். அவர் எழுந்து நின்றார். போயிட்டு வா தாயி, நான் யோசிக்கணும் என்றார். சீனியம்மா வாசல்வரை வந்து, சுவரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் அங்கயற்கண்ணி மதினியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மதினி உப்பையும் உறையையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே பட்டுச்சேலைகளைக் காட்டினாள்.

"மூணு பட்டு வந்திருக்கு கயலு. சாப்பிட்டியான்னு ஒருத்தி கேக்கல." மூக்கைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "உங்கண்ணன் நல்ல மனுசந்தான். ஒரு நாள் கை நீட்டுனதில்ல. அதுக்காக நானும் போயிரணுமா? எனக்குச் சாக இஷ்டமில்ல. இத யாருகிட்டச் சொல்றது? சொன்னா இவ என்ன பொம்பளைன்னு கேப்பாக."

அங்கயற்கண்ணி அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். உடனே வண்டி பிடித்து ஊரைவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று கேட்டாள். மதினி மறுத்துவிட்டாள். ஓடிப்போனவள் என்ற பேரோடு மகன் இந்தத் தெருவில் எப்படித் தறி போடுவான் என்றாள். அதுவும் சரிதான்.

ஆகவே வேறு வழி பார்த்தார்கள். மறுநாள் பொழுது சாய்ந்து, சுவரில் வெயில் விலகியதும், விசேஷத்துக்கு மாவு இடிக்கிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுச் சன்னல் கதவெல்லாம் திறந்து போட்டார்கள். மதினியைக் கொல்லையில் வேப்பமரத்தடியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அருஞ்சுனை உரலை மேற்குச் சுவரோரமாக உருட்டிவந்து உலக்கையைப் போட்டான். மூன்றாவது குத்தில் சுவர் பொரிந்தது. சூடு அறை அறையாகப் போவதைக் காதால் கேட்க முடிந்தது. திறந்த சன்னல் வழியாக அனல் வந்து முகத்தில் அடித்தது. மதினி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். தான் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து வருகிற அனல் அது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்து வீட்டுச் சுவரும் கிளம்பிவிட்டதோ என்று அங்கயற்கண்ணி இடைவெளியில் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் அஸ்திவாரம் ஒன்று, சுவர் தனித்தனி. தறி ஓடினால்தான் அந்த அதிர்வு அஸ்திவாரம் வழியாகப் போகும். உலக்கைக்கு அந்த வலு இல்லை. குருவலிங்கம் வீட்டுச் சுவர் சில்லென்றே இருந்தது.

பதினாறாம் நாள் காலையில் பந்தல் நிறைந்துவிட்டது. நாற்பது வீட்டுச் சனமும் வந்திருந்தது. தத்தம் வீட்டுத் தறியைத் தட்டிவிட ஆளுக்கொருத்தரை மட்டும் தறிக்கூடத்தில் விட்டிருந்தார்கள். உருமால் கட்ட வேண்டிய குருவலிங்கத்தை மட்டும் காணவில்லை. நேரம் தப்புகிறது என்று வேறொரு பெரியவர் அருஞ்சுனைக்கு உருமாலைக் கட்டினார். மதினி மறுபடி மூலையில் போய் உட்கார்ந்ததும், மேற்கு அறைக் கதவைச் சாத்துகிற வேலை சீனியம்மாவுக்கு வந்தது. அவள் சாத்தினாள். ஆனால் கொண்டியை மாட்டவில்லை. அங்கயற்கண்ணி அதைப் பார்த்தாள். அவள் பார்த்துவிட்டதைச் சீனியம்மாவும் கவனித்தாள்.

அருஞ்சுனை விசையைத் தட்டினான். முதல் நாடா ஓடியது. அதைக் கேட்டுத் தெரு முழுக்கத் தறிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. பந்தல் கால் அதிர்ந்தது. எதிர் வரிசை வீடுகளின் வாசல் வழியாகச் சூடு அலை அலையாக வந்தது. பெண்கள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, எறங்குது எறங்குது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எல்லோர் கண்ணும் மேற்கு அறைக் கதவில் இருந்தது.

கதவு திறந்தது. மதினி வெளியே வந்தாள். வந்து, அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சோறு வடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

பட்டுச்சேலை வைத்தவர்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "அவுக கூப்புடல போல," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அருஞ்சுனை மட்டும் உருமாலோடு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். உயிரோடு இருப்பதற்காக ஒருத்தி கூனிக்குறுகி நிற்பதை அங்கயற்கண்ணி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அப்போது சீனியம்மா ஓடினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளாகவே திரும்பித் தன் வீட்டைப் பார்த்து ஓடினாள். பின்னாலேயே நாலு பேர் போனார்கள். அவர்கள் வீட்டு மேற்கு அறை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. உடைத்துத் திறந்தபோது அனல் எதிரே நின்றவர்களைப் பின்னால் தள்ளியது. குருவலிங்கம் மகள் உட்கார்ந்திருந்த மூலையில், அவள் உட்கார்ந்திருந்தபடியே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து இரண்டு எட்டு வைத்தால் தாழ்ப்பாள். அவர் எழுந்திருக்கவில்லை.

யோசிக்கணும் என்று அவர் சொன்னது இதைத்தான். உப்பா, மாப்பிள்ளையா என்று உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டார். பாலுக்கு உறை, உப்புக்கு உறை என்று கதை சொல்லித் தானே அவரை அந்த மூலைக்கு அனுப்பிவைத்ததாக அங்கயற்கண்ணி நினைத்தாள். அப்படி இல்லை என்று அவளுக்குச் சொல்ல அந்தத் தெருவில் ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியதும், அதே பந்தலில் நின்று அவள் எல்லோருக்கும் சொன்னாள். உப்பு, வெயில், தறி, உறை எல்லாவற்றையும் சொன்னாள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். முதல் கல்லின் மகன் எழுந்து, "அப்ப எங்கம்மா உப்புலயா செத்துச்சு?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவனோடு எல்லோரும் போனார்கள். இருட்டுவதற்குள் தெருவுக்கு வேறொரு விளக்கம் கிடைத்துவிட்டது. பொண்டாட்டி வரமாட்டேன் என்றதும் சொக்கர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சனிப் பிணம் தனிப் போகாது என்று சும்மாவா சொன்னார்கள், கோழிக்குஞ்சு போதவில்லை என்றார்கள். மதினி வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஒருத்தி வரவில்லை.

மறுபடி எல்லாத் தறியும் நின்றது. சீனியம்மாவை அந்த மூலையிலேயே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். பட்டுச்சேலைகள் இங்கிருந்து எடுக்கப்பட்டு அங்கே போயின. பெண்கள் வரிசையில் நின்று அவள் காலைத் தொட்டார்கள். அங்கயற்கண்ணி உள்ளே போக முயன்றபோது இரண்டு பேர் வாசலை மறித்து நின்றார்கள். தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டாள். அதிகாரி கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

மறுநாள் உச்சி வெயில் சாயத் தொடங்கிய நேரம். அங்கயற்கண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலைக் குடித்துப் பக்கத்து வீட்டுச் சுவர் மறுபடி நிறைந்துகொண்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சுவரில் வெயில் இருக்கும்போதே தறி ஓடத் தொடங்கினால், சுவர் ஆற ஆற உப்பு சூட்டை மெல்ல விட்டுவிடும், ஆறின பிறகு ஓட்டினால்தான் ஒரே மூச்சில் கொட்டும் என்று முந்தின ராத்திரி மதினியிடம் சொல்லியிருந்தாள். மதினி எழுந்து கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு தறிக்கூடத்துக்குள் போனாள். அம்மா, கேதம்மா, அடுத்த வீடும்மா என்று அருஞ்சுனை பின்னாலேயே போனான்.

"எனக்குப் பதினாறு முடிஞ்சிருச்சுல்ல," என்றாள் மதினி, விசையைத் தட்டினாள்.

நின்ற தெருவில் ஒற்றைத் தறி ஓடும் சத்தம் எப்படி இருக்கும் என்று அந்தத் தெருக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வெட்கம் கெட்டவள் என்றார்கள், பிணம் விழுந்த தெருவில் கூலிக்கு அலைகிறாள் என்றார்கள். ஒரு கல் வந்து கூரைத் தகரத்தில் விழுந்தது. மதினி தறியை நிறுத்தவில்லை. அவள் கை ஓய்ந்தபோது அருஞ்சுனை உட்கார்ந்தான், அவன் ஓய்ந்தபோது அங்கயற்கண்ணி உட்கார்ந்தாள். தறி ஓட்டி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கை மறக்கவில்லை.

விடியலில் அவள் இடைவெளியில் கையை விட்டு அடுத்த வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டதுபோல் அவள் கையை எடுக்காமல் நின்றாள். ராத்திரி முழுக்க உப்பு ஒழுங்காக உறைந்து, சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் பதின்மூன்று ராத்திரி இப்படியே ஓட்டிவிட்டால் போதும். அதற்குள் தெரு தறியை உடைத்துப் போடாமல் இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் உள்ளே இழை அறுந்து தறி நின்றது. மதினி குனிந்து அறுந்த நுனியைத் தேடினாள். தெருவில் மறுபடி காக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த வீட்டு மேற்கு அறைச் சன்னல், வெளிப்பக்கம் கொண்டி மாட்டியிருந்த சன்னல், உள்ளேயிருந்து இரண்டு தடவை தட்டப்பட்டது.

"முத்துராக்கு," என்று சீனியம்மாவின் குரல் கேட்டது, சன்னலோடு வாயை வைத்துப் பேசுகிற குரல். "ஏன்டி நிறுத்திட்ட?"

மதினி நுனியைப் பல்லில் கடித்து முடிச்சுப் போட்டுவிட்டு விசையைத் தட்டினாள்.